மிளகாய் உருண்டை

கேள்வி: இரவில் உட்துறைமுக வீதியால் தனியே வருபவருக்கு மிளகாய் உருண்டைத் துப்பாக்கி காவலாகுமா?
(வாசகர், திருகோணமலை)

பதில்: உருண்டைக்குள் இருப்பது மிளகாயின் காரமான கப்சைசின் சேர்ந்த தூள். ஆளின் மேல் பட்டு ஓடு உடைந்ததும் தூள் புகையாய்க் கிளம்பும். கண் தானே மூடும், இருமல் பிடிக்கும். கப்சைசின் தண்ணீரில் கரையாது. வாளி வாளியாக ஊற்றினாலும் எரிச்சல் உடனே அடங்காது. கடற்காற்று எதிரே அடித்தால் சுட்டவருக்கும் பங்குண்டு. உயிருக்கு ஆபத்தே இல்லை என்பதும் விற்பவர் பேச்சு: 2004 அக்டோபரில் பொஸ்டன் பொலிஸ் சுட்ட உருண்டை கண்ணில் பாய்ந்து 21 வயது மாணவி இறந்தார். இலங்கையில் தூளைக் கையாலேயே எறிந்து பார்த்தாயிற்று. 2018 நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பொலிஸார் மீதே மிளகாய்த்தூள் வீசினர். துப்பாக்கி தேவைப்படவில்லை, எம்.பி. பதவி போதுமாயிருந்தது.