பாக்குமட்டைத் தட்டைப் பதமாகக் கெடுப்பது எப்படி?

கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. முன்னூறு பேருக்கு ஐந்நூறு பாக்குமட்டைத் தட்டு வாங்கினீர்கள். வந்தது இருநூற்றைம்பது பேர். மிச்சத்தை என்ன செய்வது என்று மைத்துனர் கேட்டதும், "மேல எடுத்து வைங்க மாப்ளே, எதுக்காவது ஆகும்" என்றீர்கள். அருமையான தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டும் போதாது. ஈரம், எலி, மறதி மூன்றையும் சரியான அளவில் சேர்த்தால்தான் தட்டு முறையாகக் கெடும். உங்களிடம் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தவே இந்த வழிகாட்டி.

முன்பு இப்படி ஒரு வாய்ப்பே உங்களுக்கு இருந்ததில்லை. பிளாஸ்டிக் தட்டைப் பரணில் எறிந்தால் பத்து வருடம் கழித்தும் அதே பல்லிளிப்போடு இறங்கி வரும். 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளைத் தமிழ்நாடு தடை செய்தது. பந்திக்குப் பாக்குமட்டையும் கரும்புச் சக்கையும் வந்தன. கெடக்கூடிய ஒரு பொருள் கடைசியில் உங்கள் கைக்குக் கிடைத்தது.

சரக்கின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாக்கு மரம் தானாக உதிர்க்கும் மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. பசை கிடையாது, மெழுகு கிடையாது, மேல்பூச்சு கிடையாது. அச்சிலிருந்து வெளியே வந்த பிறகும் அது மட்டைதான். காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். இழுத்த ஈரம் தங்கினால் பூசணம் பூக்கும். உங்கள் மூலதனம் இந்த ஒரு குணம்தான். இதை நன்றாக மனதில் பதியவைத்துக்கொண்டு, உடனே மறந்துவிடுங்கள்.

இனி படிகள்.

1. அடைமழையில் வாங்குங்கள்

தை முகூர்த்தத்துக்கு வேண்டிய தட்டை ஐப்பசியிலேயே வாங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். தார்ப்பாய் போடாத குட்டியானை வண்டியில் வந்தால் இன்னும் உத்தமம்.

கடையில் எதையும் சோதிக்காதீர்கள். விரலால் சுண்டிப் பார்த்தால் காய்ந்த தட்டு 'டக்' என்று ஒலிக்கும், ஈரத் தட்டு மந்தமாக முனகும். இந்த ரகசியம் காதில் விழுந்துவிடக் கூடாது. தட்டைத் திருப்பியும் பார்க்காதீர்கள். பழுப்புக் கோடுகள் மட்டையின் இயற்கையான ரேகை, தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் பொடியாக விரலில் ஒட்டும் கறுப்புப் புள்ளி பூசணம். வித்தியாசம் தெரிந்துவிட்டால் நல்ல தட்டை வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

2. மிச்சத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்

தெருமுனை அம்மன் கோயிலில் அன்னதானம் நடக்கும். எதிர்வீட்டில் அடுத்த வாரம் வளைகாப்பு. கேட்டால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. தட்டு அன்றைக்கே பயன்பட்டுவிட்டால் அதைக் கெடுக்கும் உரிமை உங்களை விட்டுப் போய்விடும். "காசு போட்டு வாங்கினது" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் எந்தச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கிறதோ, அதுதான் உங்கள் சுவர். தட்டுக்கட்டை அதில் ஒட்டி வையுங்கள். அப்படிச் சுவர் அமையாத துர்பாக்கியசாலிகளுக்கு வேறு வழிகளும் உண்டு: குளியலறைக்கு மேல் உள்ள பரண், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குக்கர் ஆவி நேராகப் போய் முட்டும் அலமாரியின் மேல்தட்டு.

தரையில் வைப்பதென்றால் வெறும் சிமென்ட் தரையில் வையுங்கள். தரையின் ஈரம் அடித்தட்டில் தொடங்கி மேலே ஏறும். அடியில் பலகை கொடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். வீட்டில் பழைய கட்டில் பலகை இருந்தால் அதைச் செருப்பு வைக்கப் பயன்படுத்துங்கள். செருப்பு பத்திரமாக இருக்கும்.

4. ஈரத்தோடு இறுக்கிக் கட்டுங்கள்

இந்தப் படியில் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த தட்டைக் காற்றுப் புகாமல் கட்டினால் அது பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஈரம் இருக்கும்போதே கட்டுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் திணித்து, கழுத்தைத் திருகி, இரண்டு முடிச்சு.

பிறகு இயற்கை பார்த்துக்கொள்ளும். பகல் சூட்டில் தட்டின் ஈரம் ஆவியாகி வெளியே வரும். இரவில் பை குளிர்ந்ததும் அதே ஈரம் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, மறுபடியும் தட்டின் மேலேயே சொட்டும். பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த தட்டு பிளாஸ்டிக்குக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நீங்கள் காப்புரிமை கேட்க முடியாது. ஊரே செய்கிறது.

5. எல்லாக் கட்டையும் பிரித்துப் போடுங்கள்

பிள்ளைக்கு ஓவியப் போட்டியா? புதுக் கட்டைப் பிரித்து ஒரு தட்டு எடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொழுக்கட்டை கொடுக்க வேண்டுமா? இன்னொரு கட்டைப் பிரியுங்கள். ஏற்கெனவே பிரித்த கட்டைத் தேடுவது நேர விரயம். ஆறு மாதத்தில் பரணிலுள்ள அத்தனை கட்டும் வாய் பிளந்திருக்க வேண்டும். ஒரு கட்டு மட்டும் பிரித்து, எடுத்ததும் திரும்ப மூடி வைக்கும் வீடுகளும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே பெண் எடுக்காதீர்கள்.

6. நல்ல அண்டை அயலாரைக் கொடுங்கள்

நார்ப் பொருள் பக்கத்தில் இருப்பதன் வாசனையைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும். எனவே ஒரு பக்கம் கருவாட்டு டப்பா, மறுபக்கம் பினாயில், தலைமாட்டில் துணி சோப்பு. பூச்சி வரக்கூடாது என்ற அக்கறை இருந்தால் கட்டுக்குள்ளேயே நாலு பாச்சை உருண்டை போடுங்கள். உருண்டை கரையாது, உருகாது. நேராக ஆவியாகித் தட்டுக்குள் குடியேறும்.

பலன் பந்தியில் தெரியும். பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, சாம்பார்ல பீரோ வாசனை வருதே?" என்பார். "புது மசாலா பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகருங்கள்.

7. பாரம் ஏற்றுங்கள்

பாக்குமட்டை கொஞ்சம் திடமானது. ஆகவே இந்தப் படியைக் கரும்புச் சக்கைத் தட்டில் தொடங்குங்கள். கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதமே தயாரிக்கிறார்கள். தட்டும் அதே கூழின் உறவுக்காரன்தான். ஈரம் பட்டால் துவளும், பாரம் வைத்தால் நசுங்கும். அதன் தலையில் கொலுப் படியை ஏற்றுங்கள். அதன் மேல் பழைய மிக்சி. அதற்கும் மேல், வெளியூரில் படிக்கும் பையனின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள். அடுத்த நவராத்திரிக்குள் ஐம்பது தட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தட்டாகிவிடும். பிரிக்க முயன்றால் விளிம்பு மட்டும் தனியாகக் கையோடு வரும்.

8. விருந்தாளிகளை வரவேற்கவும்

பரணைக் கூட்டாதீர்கள். கட்டுக்கு அடியில் மெல்லிய மாவு உதிர்ந்திருந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். தூசி என்று ஊதிவிடுங்கள். எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் தட்டிவிட்டு மேலே போங்கள். எலியின் சிறுநீர் வழியாக எலிக் காய்ச்சல் பரவும் என்று சொல்லும் மருமகளை, "எங்க காலத்துல எலி இல்லாத வீடே கிடையாது" என்ற ஒரே வரியில் அடக்கலாம்.

9. புதியதை முன்னால் வையுங்கள்

அடுத்த விசேஷத்துக்கு வாங்கும் தட்டைப் பழைய கட்டுகளுக்கு முன்னால் அடுக்குங்கள். கை முதலில் புதியதைத்தான் எடுக்கும். பழையது சுவரோரம் தவமிருக்கும். கட்டின் மேல் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதுவது அநாகரிகம். மளிகைக்கடைக்காரர் தினமும் பழைய மூட்டையைத்தான் முதலில் பிரிக்கிறார் என்றால் அவர் பிழைப்பு அப்படி. உங்களுக்கென்ன தலையெழுத்து?

10. பூசணம் பூத்த பிறகு வைத்தியம் பாருங்கள்

நாள் வந்துவிட்டது. கட்டை இறக்கிப் பிரித்தால் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கிறது. பயம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஈரத்தால் வந்த நோய்க்கு ஈரமே மருந்து.

துடைத்த தட்டைக் கழுவி, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் பரப்புங்கள். ஒரு பக்கம் முதலில் காய்ந்து, தட்டு படகு மாதிரி வளையும். ரசம் தானாக ஒரு ஓரத்தில் சேரும். சோற்றுக்கு அணை கட்டும் வேலை மிச்சம்.

"கொதிக்கிற சாம்பார் ஊத்தினா எந்தக் கிருமியும் செத்துடும்" என்று சித்தப்பா சொல்வார். அவர் பக்கம் நில்லுங்கள். மேலே தெரிவது பூவும் வித்தும்தான், இழை நாருக்குள் ஓடியிருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். பூத்தவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற பூசணம் இருந்து, அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டிருந்தால், துடைத்தாலும் போகாது, சாதாரணச் சமையல் சூட்டுக்கும் அழியாது. இதை மட்டும் பந்தி முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்னும் மனம் உறுத்தினால் தட்டின் மேல் செய்தித்தாளை விரித்துப் பரிமாறுங்கள். அச்சு மையில் உணவு படக்கூடாது என்பதற்காக, செய்தித்தாளில் உணவைக் கட்டுவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் தடுத்திருக்கின்றன. அது கட்டுவதற்குத்தானே, விரிப்பதற்கு இல்லையே என்று வாதாடலாம். அதுவும் வேண்டாமென்றால் பிளாஸ்டிக் தாள். அது 2019 தடைப் பட்டியலில் உள்ள சரக்குதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு பட்டியலுக்காக நின்றுவிடக் கூடாது.

எச்சரிக்கை

கீழ்க்கண்டவற்றில் எதைச் செய்தாலும் தட்டு நன்றாக இருந்துவிடும். கவனம்.

தேவைக்கு மட்டும் வாங்குவது. வந்த அன்றே ஒரு கட்டைப் பிரித்து, ஈரமிருந்தால் நிழலில் காற்றாட உலர்த்துவது. அட்டைப் பெட்டியில் போட்டுப் பலகை மேல், சுவரைத் தொடாமல், நேர் வெயில் படாமல் வைப்பது. மழை மாதங்களில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து மூக்கால் சோதிப்பது. பூத்ததைக் கண்டால் அந்தக் கட்டைத் தயங்காமல் ஒதுக்குவது.

இன்னொரு ஆபத்து, பழைய ஆட்களின் நினைவு. அவர்கள் மந்தாரை இலையைத் தைத்து, காயவைத்து அடுக்கினார்கள். பந்தியில் போடும்போதுதான் தண்ணீர் தெளித்தார்கள். வைக்கும்போது காய்ச்சல், சாப்பிடும்போது ஈரம். நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் பரண் பக்கம் ஏறவிடாதீர்கள்.

11. கடைசி மரியாதை

விசேஷம் முடிந்தது. எச்சில் தட்டு ஒரு குவியல், பயன்படுத்த முடியாமல் போன பூசணத் தட்டு இன்னொரு குவியல். தோட்டத்தில் குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளினால் நாளடைவில் உரமாகிவிடும். அதற்காகத்தானே வாங்கினீர்கள்? ஆகவே அதைச் செய்யக் கூடாது.

எல்லாவற்றையும் தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு சேர்த்து ஒரே கறுப்புப் பையில் அடைத்து, அதே இரண்டு முடிச்சைப் போடுங்கள். லாரி வந்து அள்ளிப்போய்க் குப்பைமேட்டின் அடியில் சேர்க்கும். அங்கே காற்று புகாது. காற்றில்லாமல் மக்கும் பொருள் உரமாவதற்குப் பதில் மீத்தேன் வாயுவை விடும். பரணில் மக்கக் கூடாத காலத்தில் மக்கவைத்தீர்கள். மண்ணில் மக்க வேண்டிய காலத்தில் தடுத்துவிட்டீர்கள். ஒரு தட்டின் பிறவியை இரண்டு முனையிலும் அடைப்பது எல்லோருக்கும் கைவராது.

12. மறுபடியும் வாங்குங்கள்

இப்போது கணக்குப் பாருங்கள். வாங்கியது ஐந்நூறு, உருப்படியாகச் சோறு போட்டது இருநூற்றைம்பது. பாதி கெட்டுப்போகிறது என்பது ஆதாரத்தோடு தெரிந்துவிட்டது. அடுத்த விசேஷத்துக்கு ஐந்நூறு தட்டு தேவையென்றால், கெடுவதற்கும் சேர்த்து ஆயிரம் சொல்லிவிடுங்கள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும். ஐப்பசி பிறக்கப் போகிறது, சீக்கிரம் போன் போடுங்கள்.