பழைய சொகுசு காருக்குப் புது வரைபடம்

கேள்வி: 2011 மாடல் பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதிலுள்ள நேவிகேஷன் புதிய பைபாஸ் எதையும் காட்டுவதில்லை. அப்டேட் செய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்கள் காரின் வரைபடம் இணையத்திலிருந்து வருவதில்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்கில் குடியிருக்கிறது. யாரும் மாற்றாதவரை பழைய ஊரையே காட்டும். பைபாஸில் நீங்கள் நூறில் பறப்பீர்கள். திரையில் கார் வயலில் உழுதுகொண்டிருக்கும்!

புது வரைபடத்தை யூ.எஸ்.பி. வழியாக ஏற்றலாம். அதைத் திறக்க, உங்கள் காரின் சேசிஸ் எண்ணுக்கென்றே தரப்படும் குறியீடு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்க முடியாது.

காரின் மென்பொருளை அப்டேட் செய்வது தனி வேலை. நடுவில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் கன்ட்ரோல் யூனிட்டே செத்துப்போகலாம். அதனால் வெளியிலிருந்து பவர் சப்ளை கொடுத்த பிறகே தொடங்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ தரும் மாட்யூலைப் பொருத்துவது. போனிலுள்ள வரைபடமே காரின் திரையில் தெரியும். தன்னைத்தானே புதுப்பித்தும் கொள்ளும். என் ஓட்டு இதற்குத்தான்.