அருவாளுக்கு அஞ்சாதவன் ரசீதுக்கு அஞ்சுவான்

வாரும் மருமவனே, வாரும். மீசையில முறுக்கு, மடிச்சுக் கட்டின வேட்டி, கையில வெட்டருவா. என்ன, மேலவீட்டுக்காரனை வெட்டப் போறீராக்கும்? தாராளமாப் போயிட்டு வாரும். பாளையங்கோட்டை ஜெயிலுக்கு நம்ம ஊருல இருந்து ஒரே பஸ்ஸுதான். உம்ம பொண்டாட்டி மனுப் போட்டுப் பாத்துட்டுப் பொழுது சாய வீடு திரும்பிரலாம். எல்லைக்கல்லை ஒரு அடி தள்ளி நட்டவன், நீரு உள்ள போனதும் இன்னும் ஒரு அடி தள்ளுவான். அவன் பிழைக்கலன்னா அவன் மவன் தள்ளுவான். கேக்கத்தான் ஆளு இருக்காதுல்லா.

என்னது, வெட்டப் போவலயா? சும்மா காட்டத்தான் கொண்டு வந்தீரா? அப்பம் சரி. அதை இப்படித் திண்ணையில வையும், தேங்கா சீவ ஆவும். உக்காரும்.

அவன் பண்ணுத சேட்டை எனக்குத் தெரியாதா? சாக்கடைத் தண்ணியை உம்ம நடையில திருப்பி விடுதான். டாஸ்மாக் பத்து மணிக்கு அடைச்சதும் வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கர் பொட்டியை வாசல்ல வச்சு ஊரை எழுப்புதான். கேட்டா, ‘வெட்டிப் புதைச்சிருவேன்’ங்கான். அதுக்கு நீரு என்ன பண்ணினீரு? வேலி ஓரமா ஏறி நின்னு அவன் குடும்பத்துல மூணு தலைமுறைக்கும் விளக்கம் சொன்னீரு. தெருவே காதைத் தீட்டிக்கிட்டு நின்னுது. நானும் கேட்டேன். பொய் சொல்லப்படாது, சில சொல்லு எனக்கே புதுசு.

சண்டியனுக்குத் தீனியே உம்ம பதிலுதான் வே. நீரு வாயை மூடிட்டா, பின்பாட்டு இல்லாத கணியான் கூத்து மாதிரி அவன் ஆட்டம் தானா அடங்கும். அடங்கலன்னா, நீரு பேசப்படாது. காயிதம் பேசணும்.

ஆனா ஊருல ஆலோசனைக்குப் பஞ்சமா? டீக்கடையில ஒருத்தன், ‘ரெண்டு தட்டுத் தட்டுங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாப் போவும்’னு சொல்லியிருப்பான். தட்டின பொறவு அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பாரும், அன்னைக்கு அவன் மதினி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருப்பான். இன்னொருத்தன், ‘நமக்கு வேண்டிய ஆளு ஒருத்தரு இருக்காரு, பேசி முடிச்சிருவாரு’ன்னு காதைக் கடிச்சிருப்பான். கட்டப்பஞ்சாயத்து! அவரு உம்மகிட்டயும் வாங்குவாரு, அவன்கிட்டயும் வாங்குவாரு. உங்க ரெண்டு பேரு சண்டையில அவரு வீட்டுக்கு மாடி எழும்பும். இதுக்கு நீரு வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டினதே தேவலை. செலவு கம்மி, அவனுக்கும் ஊறுகாய்க்கு ஆச்சு.

நீரு எழுதி வச்சிருந்த மனுவையும் பாத்தேன். ‘மேற்படி கொடூரன் எப்போதும் என்னை மிரட்டி வருவதால் எனது குடும்பமே நடுநடுங்கி’... அடேயப்பா, எனக்கே கண்ணு கலங்கிட்டு. ‘எப்போதும்’னா எப்பம் வே? ஸ்டேஷன் ரைட்டரு இதை வச்சு என்ன பண்ணுவாரு, நாடகமா போடுவாரு? இப்படி எழுதும்: வெள்ளிக்கிழமை, தேதி இன்னது, ராத்திரி பதினொண்ணேகாலு, எங்க வீட்டு வாசல், அவன் கையில கம்பு. சொன்னது, ‘கல்லைத் தொட்டா வெட்டிப் புதைச்சிருவேன்.’ கேட்டது எதிர்வீட்டு டீச்சரம்மா. அம்புட்டுதான். நடுக்கமெல்லாம் வேண்டாம். அவன் கெட்ட வார்த்தை பேசினா அந்த வார்த்தையையே போடும். கூச்சப்பட்டுக்கிட்டு ‘தகாத வார்த்தை’ன்னு எழுதினா, தகாதது எதுன்னு கோர்ட்டுல கேப்பாவ. அப்பம் நீரு மாஜிஸ்திரேட்டம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். இப்பமே எழுதிட்டா மரியாதை.

இன்னொண்ணு. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய தண்டனைச் சட்டம் போயி, பாரதிய நியாய சன்ஹிதா வந்துட்டு. நம்ம பக்கம் சின்னப்பிள்ளைக்கும் மனப்பாடமான 506 இப்பம் 351. சும்மா மிரட்டினா 2 வருசம் வரை. கொன்னுருவேன், கைகாலை முறிப்பேன், வீட்டைக் கொளுத்துவேன்னா 7 வருசம் வரை. ‘மிரட்டினான்’னு ஒத்தை வார்த்தையில முடிக்காதேயும்னு இதுக்குத்தான் சொல்லுதேன். என்ன சொல்லி மிரட்டினான்ங்கதுல 5 வருசம் கிடக்கு.

போன்ல பிடிச்சு வச்சிருக்கீரா? நல்லது. அதை வெட்டி, ஒட்டி, பின்னால மாஸ் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ்ல வைக்காதேயும். பிடிச்சது பிடிச்சபடி அந்தப் போன்லயே கிடக்கட்டும். அதைக் காப்பி எடுத்துக் கோர்ட்டுல காட்டணும்னா புதுச் சாட்சியச் சட்டம் 63-ன்படி சான்று குடுக்கணும். புதுப் போனு வாங்குத ஆசையில இதை எக்ஸ்சேஞ்சுல தள்ளிராதேயும். கேமரா மாட்டினா உம்ம வாசலைப் பாத்து மாட்டும். அவன் குளிக்குத இடத்தைப் பாத்து மாட்டினா, கேசு உம்ம மேல வரும்.

ஸ்டேஷனுக்குப் போன உடனே ஜீப்பு பறக்கும்னு சினிமாவை நம்பிப் போவாதீரும். மனுவை வாங்கிக்கிட்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவாவ. அந்தத் துண்டுத்தாளு கைக்கு வராம படி இறங்காதீரும். ‘பேசி விடுதோம், நீங்க போங்க’ன்னு சொன்னா, சிரிச்ச மொகத்தோட பெஞ்சுல உக்காந்துகிடும். சிரிக்கிறவனைத் துரத்த எந்தச் சட்டத்துலயும் பிரிவு கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டா உமக்கு ஒரு காப்பி காசு வாங்காமக் குடுக்கணும். போடவே மாட்டோம்னா கத்தாதீரும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 173-ல வழி போட்டு வச்சிருக்காவ: அதே மனுவைத் தபால்ல எஸ்.பி.க்கு அனுப்பணும், அங்கயும் அசையலன்னா மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு. ரிஜிஸ்டர் தபாலை 2025-ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாவ, அதனால ஸ்பீடு போஸ்ட்டுல விட்டு ரசீதைப் பீரோவுல வையும். அருவாளை எங்க வேணாலும் போடும், ரசீதைத் தொலைக்கப்படாது.

ஜெயிலெல்லாம் வேண்டாம், அவன் சும்மா கிடந்தாப் போதும்னு நினைக்கீரா? அதுக்கு அதே சுரக்ஷா சன்ஹிதாவுல 126 இருக்கு, பழைய 107. போலீசு அறிக்கை வச்சா ஆர்.டி.ஓ. விசாரிச்சு, வம்பு பண்ணமாட்டேன்னு ஒரு வருசம் வரைக்கும் பிணை எழுதி வாங்கலாம். இதுல ஒரு சூட்சுமம்: ரெண்டு தரப்பாலயும் அமைதி கெடுதுன்னு உம்மையும் சேத்து நிறுத்திருவாவ. வேலி ஓரத்துல நீரு சொன்ன மூணு தலைமுறை விளக்கம் அப்பம் எவன் போன்ல இருந்தாவது கிளம்பி வரும்.

அடி வேரு என்னமோ அந்த எல்லைக்கல்லுதான். அதைக் கடப்பாரையால பேசாதீரும், சர்வேயரை வச்சுப் பேசும். இ-சேவையில நில அளவைக்குப் பணம் கட்டினா, புலப்படத்தை வச்சு அளந்து தருவாவ. சர்வே கல்லைப் பிடுங்குததே தனிக் குத்தம். அளந்த பொறவும் அவன் உள்ள வந்தா, முன்சீப்பு கோர்ட்டுல உறுத்துக் கட்டளை கேக்கலாம்.

‘வக்கீலுக்குக் காசு எங்க மாமா?’ன்னு தலையைச் சொறியுதீரு. இதுக்கு 1987-லயே சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் போட்டு, 1995-ல இருந்து நடக்கு. கோர்ட்டு வளாகத்துலயே வட்டச் சட்டப் பணிகள் குழுன்னு போர்டு தொங்கும். போன் நம்பரு 15100. தகுதி இருந்தா வக்கீலும் அவிய செலவு, கோர்ட்டு பீசும் அவிய செலவு. ஆனா வருமான வரம்பு உண்டு, நீரு புல்லட்டுல போயி இறங்கி ‘நான் ஏழை’ன்னா எவன் நம்புவான்? பொம்பளைங்க, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, இவிய மாதிரி சில பேருகிட்ட வருமானமே கேக்கமாட்டாவ. இப்பம் சொல்லும், வீட்டுப் பட்டா யாரு பேருல இருக்கு? எங்க அக்கா பேருல. அவன் புதைப்பேன்னு சொன்னது யாரை? அவளையுந்தான். அப்பம் மனு யாரு பேருல போவணும்? ஆங், இப்பம்தான் மொகத்துல வெளிச்சம் வருது. ரெண்டு பேரும் ஒத்துவந்து லோக் அதாலத்துல முடிச்சா இன்னும் விசேசம். அந்தத் தீர்ப்புக்கு மேல அப்பீலு கிடையாது, கட்டின கோர்ட்டு பீசும் திரும்ப வரும்.

நிசமாவே அருவாளோட வாரானா? அப்பம் சட்டம் பேசாதீரும், ஓடும். கதவைச் சாத்தி 112-ஐக் கூப்பிடும். ஓடுதது கேவலம்னு சொல்லுத ஆளு எவனும் உமக்கு ரத்தம் குடுக்க வரமாட்டான். அடி விழுந்துட்டா நேரா அரசு ஆஸ்பத்திரி. டாக்டரு கேட்டா, மானம் போயிரும்னு ‘வழுக்கி விழுந்துட்டேன்’ங்காதீரும். நீரு சொல்லுதது அங்க ஏ.ஆர்.ங்க விபத்துப் பதிவேட்டுல ஏறிரும். பொறவு ஆயிரம் சாட்சி வந்தாலும், நீரே விழுந்ததா நீரே சொன்ன சாட்சிதான் அவனுக்கு ஜெயிச்சுக் குடுக்கும். யாரு, எதால, எங்க அடிச்சான்னு சொல்லும்.

ரசீது மேல ரசீது சேந்ததும் ஒருநாள் அவனே பல்லைக் காட்டிக்கிட்டு வருவான். ‘பக்கத்து பக்கத்து வீடு, சமாதானமாப் போவோம்’பான். மீசையை முறுக்காதீரும், காப்பி குடும். சமாதானத்தையும் எழுத்துல வாங்கி, ரெண்டு சாட்சிக் கையெழுத்துப் போட வையும். அவன் பேத்தி சடங்குக்கு மொய்யும் எழுதும். அதுக்கும் ரசீது உண்டான்னு மட்டும் கேட்டுறாதீரும்.

எனக்கு இப்பம் அவனைப் பத்திக் கவலை இல்ல மருமவனே, உம்மைப் பத்தித்தான். பிரிவு நம்பரு நாலு தெரிஞ்சவன் அருவா வச்சிருக்கவனைவிடப் பொல்லாத அண்டைவீட்டுக்காரன் ஆயிருவான். 351, 173, 126-னு முணங்கிக்கிட்டே போறீரு. எங்க வேப்பமரத்துச் சருகு உம்ம முத்தத்துல விழுதது எனக்குத் தெரியும். அதுக்கு நோட்டீசு விட்டீர்னா, 15100 எனக்கும் மனப்பாடம் பாத்துக்கிடும்.