நாற்பதைத் தாண்டாதவர்

நாற்பதைத் தாண்டாதவர் என்பவர், சொந்தக் காரில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், போய்ச்சேரும் அவசரம் எதுவுமின்றிக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர். வயது அறுபதுக்குக் குறையாது. தமிழ்நாடெங்கும் உண்டு என்றாலும் திண்டுக்கல் மாவட்டத்தின் காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரை வட்டாரத்தில் சற்று அடர்த்தியாகவே காணப்படுகிறார். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களில் பலர் சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். பணிக்கொடையில் வீட்டுக் கடனும் மகள் கல்யாணமும் போக மிஞ்சியது காராக மாறுகிறது. கார் பெரும்பாலும் வெள்ளை. ஷோரூமில் போட்டுக் கொடுத்த சீட்டின் பிளாஸ்டிக் உறை மூன்றாம் வருஷமும் கழற்றப்படாமல் இருந்தால் ஆளை உறுதிசெய்துகொள்ளலாம்.

இவருடைய நிதானத்துக்குப் பயம்தான் காரணமென்று பின்னால் வரும் லாரி டிரைவர்களும், பெட்ரோல் சிக்கனம்தான் காரணமென்று சம்பந்தி வீட்டாரும் நினைக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. அசல் காரணம் பேருந்து. உத்தியோக காலம் முழுக்கத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் பேருந்திலேயே போய்வந்தவர் அவர். ஜன்னல் வழியே சிறுமலை தினம் தெரிந்தது. ஒருநாளும் இறங்கிப் பார்க்க முடிந்ததில்லை. கொடைரோட்டில் கூடை கூடையாகத் திராட்சை விற்கும். சில்லறையை எடுப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். தூரத்து ஊருக்குப் போகும் ‘பைபாஸ் ரைடர்’ பேருந்தில் தெரியாமல் ஏறிவிட்டு, சொந்த ஊர் விளக்குகள் பின்னால் ஓடுவதைப் பார்த்தபடி திண்டுக்கல்வரை போய், டவுன் பஸ் பிடித்துத் திரும்பிய ராத்திரிகளும் உண்டு. கார் வாங்கியதும் அவர் கண்டறிந்த முதல் அதிசயம், அது சொன்ன இடத்தில் நிற்கும் என்பது. ஓடவும் செய்யும் என்பதை இரண்டாம் பட்சமாகவே வைத்திருக்கிறார்.

காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்தரத்தின் தந்தை, மதுரைச் சீமையில் பேருந்து விட்டுத் தொழில் வளர்த்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். பேருந்து கடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நாற்பதைத் தாண்டாதவர் கடப்பதைப் பார்த்து வேண்டுமானால் நாட்காட்டியில் தேதி கிழித்துக்கொள்ளலாம்.

பயணம் முந்தின நாள் மாலை பங்க்சர் கடையில் தொடங்குகிறது. நான்கு டயருக்கும் காற்றுப் பிடித்த பிறகு, “தம்பி, ஸ்டெப்னியையும் ஒரு பார்வை பாத்துரு” என்பார். “நேத்துதானே சார் பாத்தோம்.” “அது நேத்து.” டிக்கியில் ஏறுபவை: புளியோதரைத் தூக்கு, தயிர்சாதத் தூக்கு, இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஜமுக்காளம், மடக்கு நாற்காலி இரண்டு, பழைய செய்தித்தாள் கட்டு, காந்திகிராமம் லட்சுமி சேவா சங்கத்துச் சித்த மருந்து டப்பா ஒன்று, ஒரு செங்கல். செங்கல் எதற்கென்பது பின்னால் தெரியும். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவதாகத் தீர்மானம். எலுமிச்சம்பழம் நான்கும் ஐந்துக்கே சக்கரத்தடியில் வைக்கப்படும், நசுங்குவது ஏழேகாலுக்கு. இடையில், கேஸை மூடியாயிற்றா என்று பார்க்கப் பூட்டிய வீடு இரண்டு முறை திறக்கப்படும். பூட்டு திண்டுக்கல் பூட்டு என்பதால் இழுத்துப் பார்த்துத் தொங்கிப் பார்க்கும் சடங்கு மட்டும் ஒரே முறை.

ஊரையொட்டிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடிகிறது. வடக்கிலிருந்து எத்தனையோ மாநிலம் கடந்து சரக்கோடு வரும் லாரி, சின்னாளபட்டி தாண்டியதும்தான் உண்மையான தடங்கலைச் சந்திக்கிறது. நால்வழிச் சாலையில் கார்கள் மணிக்கு 100 கிலோமீட்டர்வரை போகலாமென்று மத்திய அரசு 2018இல் அறிவித்தது. அது உச்சவரம்புதானே ஒழியக் கட்டாயமில்லை என்பது இவர் கட்சி. சட்டப்படி சரியான வாதம். அதை வலது ஓரத் தடத்தில் போய்க்கொண்டே நிலைநாட்டுவதில்தான் சிக்கல். இடது தடத்தில் மாட்டுவண்டியும் எதிர்த்திசை பைக்கும் வருவதால் வலதுபக்கமே பத்திரம் என்று அதற்கும் பதில் வைத்திருக்கிறார். பின்னால் ஹாரன் அடித்தால் யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கண்ணாடியில் பார்ப்பார்.

பிரிட்டனில் 1865இல் ஒரு சட்டம் வந்தது. குதிரை பூட்டாமல் தானாக ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல், வெளியில் நான்கு மைலுக்கு மேல் போகக்கூடாது. முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும். 1896இல் அந்தக் கெடுபிடியைத் தளர்த்திவிட்டார்கள். நாற்பதைத் தாண்டாதவர் காரில் அந்தக் கொடிக்காரர் பதவி இன்னும் காலியாகவில்லை. முன்சீட்டில் மனைவி வகிக்கிறார்.

“ஏங்க, மாடு.”

“பாத்துட்டேன்.”

“அதுக்குப் பின்னாடி கன்னுக்குட்டி.”

கார் நிற்கும். கன்றுக்குட்டி சாலைக்கு அப்பால் வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும். நின்றது நின்றாயிற்று என்று மரநிழலில் ஜமுக்காளம் விரிக்கப்பட்டுப் புளியோதரைத் தூக்கு திறக்கப்படும். வீட்டைவிட்டு வந்த தூரம் அப்போது பத்துக் கிலோமீட்டர் இருக்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கடற்கரைப் பயணம் என்றாலே இவருக்கு இராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்தான். மதுரைவரை ஒரு பொழுது. கொடைரோட்டில் திராட்சை; முப்பது வருஷப் பாக்கியைத் தீர்க்கிற மாதிரி மூன்று கிலோ. பேரம் டிரைவர் சீட்டிலிருந்தே நடக்கும், எஞ்சினை அணைத்துவிட்டு. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ‘பீப்’ சொல்லித் தடுப்பு தூக்கப்பட்ட பிறகும் நகராமல், எவ்வளவு பிடித்தார்கள், மிச்சம் எவ்வளவு என்று விசாரிப்பார். மதுரை தாண்டி 87ஆம் எண் சாலையில் மானாமதுரை வந்தால் மண்பானை வாங்காமல் போகக்கூடாது. கோடைக்குத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்று வாங்கிய பானை, உடையாமலிருக்கக் கடைசிவரை மனைவி மடியில் வரும். பரமக்குடியில் குண்டு மிளகாய். இராமநாதபுரத்தில் பொழுது சாய்ந்துவிடுவதால் லாட்ஜ்.

மறுநாள் பாம்பன். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். சரியாக உச்சியில் கார் நிற்கும். ஹேண்ட் பிரேக் மேல் முழு நம்பிக்கை இல்லாததால் பின் சக்கரத்துக்குச் செங்கல் வைக்கப்படும். கீழே, 1914ஆம் வருஷத்துப் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி நேராக மேலே எழும்பும் புதுப் பாலம். பழையது எப்படித் தூக்கியது, புதியது எப்படித் தூக்கும் என்று பேரனுக்கு விளக்கம் நடக்கையில் விசில் கேட்கும்.

“சார், வண்டிய எடுங்க. இங்க நிறுத்தக் கூடாது.”

“ரயில் வந்ததும் கிளம்பிர்றோம்.”

“எந்த ரயில் சார்?”

“எதுவாச்சும்.”

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு முன்பு மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். 2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்தார்கள். ஒருபக்கம் அலை அடங்கிய பெண்கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண்கடல் என்று உள்ளூர்க்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். நாற்பதிலேயே போவதற்கென்று தமிழ்நாட்டில் ஒரு சாலை போட்டிருந்தால் அது இதுதான். மற்றவர்களும் இங்கே நாற்பதில்தான் போகிறார்கள். இங்கிலாந்துக் கடற்கரைகளில் வயதான தம்பதியர் மழைக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தபடி கண்ணாடி வழியாகக் கடல் பார்ப்பதைக் கேலி செய்வார்கள். அரிச்சல்முனையில் மழையில்லை, வெயில். மடக்கு நாற்காலி டிக்கியைவிட்டு இறங்காது. ஏசியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு, மன்னார் வளைகுடாவை இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

மலைப்பயணம் இவ்வகையினருக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்றானதும், அதை இரண்டு பிரதி எடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்கள். சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு; ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹாரன். கீழே இறங்குகையில் பின்சீட்டில் மலைவாழைத்தார் உட்கார்ந்திருக்கும், சில சமயம் சீட் பெல்ட்டோடு.

விடுமுறைக்கு வரும் மகன் சாவியை வாங்கி ஓட்டிக் காட்டுவதுண்டு. பெங்களூருவில் ஓட்டிப் பழகிய கை. மானாமதுரை வந்ததே தெரியாமல் கடந்துவிடும். ஒன்பது மணிக்கு இராமேஸ்வரம் சேர்ந்து, இனி நாள் முழுக்க என்ன செய்வது என்று குடும்பமே விழிக்கும். மறுமுறை சாவி கேட்டால் கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது என்று பதில் வரும்.

வீடு திரும்பியதும் திராட்சையும் மிளகாயும் அக்கம்பக்கத்துக்குப் பங்கு பிரியும். மானாமதுரைப் பானை விரிசலோடு துளசிமாடத்துக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கும். அடுத்த காரியம் கணக்கு. கிளம்பும்போது டேங்க் நிரப்பிய அதே பங்க்கில், அதே பம்பில் திரும்ப நிரப்பி, டேஷ்போர்டு நோட்டில் எழுதி, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பார். பதினெட்டுக்கு மேல் வந்தால் மாலை நடையில் சந்திக்கும் எல்லோருக்கும் செய்தி போய்விடும். பதினாறு வந்தால் அரிச்சல்முனையில் ஏசி போடச் சொன்னது யார் என்ற விசாரணை ஆரம்பமாகும்.