ஒண்டிக்கட்டை டெண்ட்

ஈக்காட்டுத்தாங்கலில் மலை கிடையாது. மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் பரங்கிமலை தெரியும். சுமார் 300 அடி உயரம், உச்சிவரை ஆட்டோ போகும். மற்றபடி ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் கிண்டித் தொழிற்பேட்டை, நடுவில் நூறடி ரோடு, அதன் தலைக்கு மேல் மெட்ரோ. இப்பேர்ப்பட்ட ஊரில்தான் தெருவுக்கு ஒருவராவது மலையேறப்போகிறவர் இருக்கிறார். ஏறுகிறவர் என்று நான் சொல்லவில்லை, கவனிக்கவும். அவருக்கும் மலைக்கும் நடுவே ஒரு டெண்ட் நிற்கிறது. அதை அவர் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

வயது முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள் இருக்கும். ஒலிம்பியா டெக் பார்க்கிலோ அக்கம்பக்கத்துக் கண்ணாடிக் கட்டடம் எதிலோ வேலை. ஈ.எம்.ஐ., மேனேஜர், அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று நாள் எங்காவது தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசை. ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நமக்கும் உண்டு. நாமாக இருந்தால் வடபழனி கோயில் குளத்தைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவோம். அவருக்கு அது போதாது. தனிமை என்றால் முறையாக இருக்க வேண்டும், அதுவும் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

வீட்டில் இதைப் புரியவைப்பதற்குள் பாதி மலை ஏறிவிடலாம். “தனியாவா? எங்க மேல என்ன கோபம்?” என்றார் மனைவி. அம்மாவின் கவலை வேறு.

“துணைக்கு யாருடா வர்றா?”

“யாரும் இல்லம்மா, சோலோ.”

“சரி, சோலோ வரட்டும். நல்ல பையன்தானே? அவங்க வீட்ல சொல்லிட்டு வர்றானா?”

ஒரு ஆள் டெண்ட் என்பது சின்னச் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் அவர் பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்துப் பார்க்க வேண்டும். டீ ஆறிப்போகும். கம்பிகளோடு தன் காலில் நிற்கிற டெண்டா, கைத்தடியை நட்டுக் கயிறு இழுத்து நிறுத்துகிற டெண்டா? ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா? ஒற்றைச் சுவர் என்றால் எடை குறையும். ஆனால் நாம் விடுகிற மூச்சே கூரையின் உட்பக்கம் வேர்த்து, விடிகாலையில் நம் நெற்றியிலேயே சொட்டும். நைலான் உறுதிதான், ஆனால் நனைந்தால் தொய்யும், நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் தொய்யாது, ஆனால் அதே எடையில் நைலான் அளவுக்குத் தாங்காது. இரண்டும் வேண்டாமென்றால் டைனீமா என்று ஒன்று இருக்கிறது. பந்தயப் படகுகளின் பாய்க்காகப் பிறந்த துணியின் வம்சம். தண்ணீர் குடிக்காது, தொய்யாது, டெண்ட் மொத்தமுமே அரைக் கிலோதான் வரும். விலை அரை லட்சத்தைத் தாண்டும். கிராம் கணக்கில் விலை பேசுவதை இதுவரை தி.நகர் நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறோம்.

அளவும் சொல்லிவிடுகிறேன். நீளம் 215 சென்டிமீட்டர், தலைமாட்டில் அகலம் 90, கால்மாட்டில் 60. பாண்டியன் எக்ஸ்பிரஸில் சைடு அப்பர் கிடைத்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது, சோற்றை அளந்து போட ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினார்கள். அது இப்போது நம்மவருடைய அலமாரியில் இருக்கிறது. பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து நிறுத்தார். போதவில்லை. மீதிப் பாதியில் டிரில்லிங் மெஷினால் மூன்று ஓட்டை போட்டு நிறுத்தார். டெண்டின் முளைக்குச்சி அலுமினியத்தில் 12 கிராம், டைட்டானியத்தில் 6 கிராம். எட்டுக் குச்சிக்கு 48 கிராம் மிச்சம். அந்த 48 கிராமைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஒளி வருகிறது பாருங்கள், சம்பள உயர்வுக்குக்கூட அது வந்ததில்லை. அவருடைய சொந்த எடை 92 கிலோ. இந்த மார்க்கத்தின் விதிப்படி அது கணக்கில் சேராது.

டீனியர் என்றால் என்ன என்று ஒருநாள் தெருமுனை அயர்ன்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அத்தனை டீனியர். “20 டீனியர் துணின்னா, ஒம்பது கிலோமீட்டர் நூலே வெறும் 20 கிராம்தான்!” அயர்ன்காரர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுவிட்டு, “நம்ம கிட்ட குடுத்துடாதீங்க சார், பெட்டி பட்டா போயிடும்” என்றார். எத்தனையோ நிபுணர்களின் வீடியோக்களைப் பார்த்தவர் நம்மவர். இத்தனை சுருக்கமான விமர்சனம் எதிலும் வந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

மழைக்கும் ஒரு எண் உண்டு. 1,500 மில்லிமீட்டர், 3,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். 2015 டிசம்பரில் அடையாறு இந்தப் பக்கத்துத் தரைத்தளங்களுக்குள் புகுந்து போன பிறகு, இங்கே பல வீட்டுச் சுவர்களில் ஒரு கோடு இருக்கிறது. நம்மவர் டேப் வைத்து அந்தக் கோட்டை அளந்துவிட்டு, “1,700 மில்லிமீட்டர்தான். நான் பாத்து வெச்சிருக்கற டெண்டோட தரைத்துணி தாங்கும்” என்றார். அந்த வெள்ளத்தில் பிரிட்ஜ், மெத்தை, பீரோ மூன்றையும் இழந்த வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷர்.

பயிற்சியும் நடக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பத்துக் கிலோ பொன்னி அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். நிலையம் உயரத்தில் இருப்பதால் வசதி. முதல் வாரம் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார்.

“என்ன சார் இது?”

“அரிசி.”

“எங்க எடுத்துட்டுப் போறீங்க?”

“எங்கேயும் இல்ல. மேல போயிட்டுக் கீழ வருவேன்.”

செக்யூரிட்டி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். “ரேஷன் அரிசி இல்லல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் கைத்தடி டெண்ட் ஒன்றை இரவல் வாங்கி வந்து மொட்டை மாடியில் பரிசோதனை வைத்தது ஒரு மே மாதத்து ராத்திரி. கைத்தடி இன்னும் வாங்கவில்லை. அதற்கான ஆராய்ச்சி தனி. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒட்டடைக் கம்பை 120 சென்டிமீட்டருக்கு வைத்து நட்டார். இந்த வகை டெண்ட் முளையடித்தால்தான் நிற்கும், சென்னை மாடியிலோ முளையடித்தால் கீழ்வீட்டு ஹாலில் ஒழுகும். ஆகவே ஒரு கயிறு சின்டெக்ஸ் தொட்டியின் குழாய்க்கு, ஒரு கயிறு டிஷ் ஆன்டெனாவுக்கு, மற்றவை இருபது லிட்டர் தண்ணீர் கேன்களுக்கு என்று போயின. தூரத்திலிருந்து பார்க்க, மாடியே டெண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. உள்ளே போய்ப் படுத்தார். மூச்சு கூரையில் வேர்க்கிறதா என்று கண்டறிவதுதான் ஆராய்ச்சி. ஒரு மணி நேரத்தில் பனியன் தொப்பலாகிவிட்டது. அது கூரையில் வேர்த்ததா, அவருக்கு வேர்த்ததா என்று பிரித்துச் சொல்ல விஞ்ஞானத்தில் வழியில்லை.

காலையில் அசோசியேஷன் செக்ரட்டரி வந்துவிட்டார். நாலாவது மாடி டிவி படம் காட்டவில்லை என்று புகார். கூடவே ஒரு சந்தேகம்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாடியில யாரோ ஒரு ஆள் தங்கியிருக்கறதா சொல்றாங்க. பேச்சிலரா?”

“நான்தான் சார்.”

“நீங்க கீழ ஃபிளாட்ல இருக்கீங்களே?”

“இது சும்மா டெஸ்ட்டுக்கு.”

“அதெல்லாம் சரி சார். ஒரு ஆள் தங்கற மாதிரி கட்டியிருக்கீங்க. தண்ணி லாரி கணக்குல ஒரு தலை சேர்த்துடவா?”

இந்த ரகத்து ஆசாமிகளுக்குக் குலதெய்வம் ஒன்று உண்டு. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. பதினொரு பிள்ளை பெற்றவர். 1955-இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைத்தடம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக நடந்தார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. டெண்ட் கிடையாது. அந்தப் பாட்டியின் படம்தான் நம்மவர் லேப்டாப்பின் முகப்பு. பாட்டியைப் பற்றிப் பேசினால் குரல் தழுதழுக்கும்.

அவருடைய சொந்த அத்தை ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மாசி பங்குனி வந்தால் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுவார். ராத்திரி பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி, ஒரு மஞ்சப்பை, ஒரு போர்வை. உச்சியில் குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு பாறையோரம் உட்கார்ந்து விடியப் பார்ப்பார், சாமி கும்பிடுவார், இறங்கி வந்து சாம்பார் வைப்பார். “அத்தை, பேக்பேக் இல்லாம எப்படி?” என்று நம்மவர் கேட்டதற்கு, “பையில என்னத்தடா கண்ணு போடறது?” என்றாராம். மொத்தச் சுமையைப் போனிலேயே விசாரித்துக் கணக்குப் போட்டார்: வெற்றிலைப் பெட்டியோடு ஒன்றரைக் கிலோ. உலகத்தரம். ஆனால் அத்தையின் படம் லேப்டாப்பில் ஏறவில்லை. கேட்வுட் பாட்டி செய்தது மலையேற்றமாம். அத்தை செய்வது வேண்டுதலாம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சில்லறை விஷயம் விட்டுப்போயிற்று. தமிழ்நாட்டுக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் தனியாகப் போய் டெண்ட் போட முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. அதில் வேடிக்கை செய்ய ஒன்றுமில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, காட்டையொட்டிய ஊர்க்காரர்களும் பழங்குடியினரும் வழிகாட்டி, பெரும்பாலும் காலையில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அதாவது கூட்டமாக, துணையோடு, ராத்திரிக்கு வீடு. அம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததை அரசாங்கம் ஆணையாகப் போட்டுவிட்டது. நம்மவரிடம் இதைச் சொன்னால், “இமயமலை இருக்கு” என்பார். இமயமலை இருக்கிறது, வாஸ்தவம். லீவுதான் இல்லை.

கடைசியில் டெண்ட் வந்தேவிட்டது. அமெரிக்காவிலிருந்து அக்கா தன் 23 கிலோப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். தன் காலில் நிற்கிற வகை, 1,100 கிராம். திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் ஆவக்காயும் பருப்புப் பொடியும் நாலு கிலோ போயின, அது வேறு கணக்கு. அம்மா துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பட்டுப்புடவையை அப்படிப் பார்த்தே ஜரிகையின் யோக்கியதை சொல்கிற விரல்கள். “சல்லாத்துணிக்காடா இத்தனை காசு குடுத்தே?” என்றார். பிறகு உள்வலையைப் பார்த்து, “ஓ, கொசுவலையா? அப்பச் சரி.”

முதல் பயணம் குடியம் குகைக்கு. திருவள்ளூர் மாவட்டம், எளிய தடம், ஒரே பகல். டெண்ட் தேவையே இல்லை. இருந்தாலும் முதுகில் இருந்தது. உடன்வந்த ஊர்க்கார வழிகாட்டி, “பையில என்ன சார்?” என்றார். சொன்னார். “எதுக்கு சார்? அங்க குகைதான் இருக்குதே.” கற்கால மனிதர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய பெரும்பாறைக் கூரை அது. தன் காலில் நிற்கும், கசியாது, சுமக்க வேண்டிய எடை சைபர் கிராம். நம்மவர் அண்ணாந்து அதைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றாராம். காற்றோட்டம் பரவாயில்லை, ஆனால் வலை இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சித்திரை பிறந்ததும் அம்மா கூழ் கிண்டினார். ஒரு சனிக்கிழமை துணி காயப்போட மாடி ஏறிய நம்மவர் படியிலேயே நின்றுவிட்டார். டெண்ட் எழுந்து நிற்கிறது. மேல்கூரை இல்லை, உள்வலை மட்டும், ஒரு சுருக்கம் கிடையாது. உள்ளே அப்பாவின் பழைய வேட்டி விரித்து, வரிசை வரிசையாகப் பிழிந்த வடகம். இரண்டு காக்கைகள் வலையைச் சுற்றிச்சுற்றி வந்து வழி தேடிக்கொண்டிருந்தன.

“எப்படிம்மா கட்டினே?” அவருக்கு முதல் தடவை அரை மணி நேரமும் ஒரு வீடியோவும் ஆயிற்று.

“இதுல என்ன இருக்கு? சேப்புக் கொக்கிக்குச் சேப்புக் குச்சின்னு கலர் போட்டுக் குடுத்திருக்கான். நல்ல சாமான்தான்டா. காத்து போகுது, வெயில் படுது, காக்கா வரல. ஆனா இடம் பத்தல. வாசல் வேற ஒரு பக்கம்தான், அந்தக் கோடிக்குக் கை எட்ட மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் வாசல் வச்சு வருமா?”

கோபித்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். எத்தனையோ பேரிடம் டெண்ட் பற்றிப் பேசியவரிடம், முதல்முறையாக ஒருவர் விஷயம் தெரிந்து கேள்வி கேட்டிருக்கிறார்.

“ரெண்டு ஆள் டெண்ட்ல வரும்மா. ஆனா ஒரு முந்நூத்தம்பது கிராம் கூடும்.”

“கூடட்டுமேடா. யாரு தூக்கப்போறா?”