லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே பையில்

கேள்வி: பழவேற்காடு ஏரியின் ‘பாடு’ மீன்பிடி முறை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். எல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. பென் டிரைவில் நகலும் உண்டு. அது லேப்டாப் பையிலேயே இருக்கிறது. போதாதா?
— ஆய்வு மாணவி, கோட்டைக்குப்பம்

பதில்: திருடனுக்கு மிகவும் வசதி, அம்மா! பை தண்ணீரில் விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே குளிக்கும்.

உங்கள் ஊர் டச்சுக்காரர்களைப் பாருங்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஆனால் அங்கிருந்து ஏற்றிய துணிகளின் கணக்கை இன்றும் படிக்கலாம். காரணம், குமாஸ்தாக்கள் கை வலிக்க நகலெடுத்து பட்டேவியாவுக்கும் ஹாலந்துக்கும் கப்பலேற்றினார்கள். டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிலும் ஏறிவிட்டன. அவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. (அவர்கள் செய்த அடிமை வியாபாரத்துக்கும் அந்தக் காகிதங்களே சாட்சி. நகல் எடுத்தவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள்!)

கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய அதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். லேப்டாப், ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ் போதும். ஆனால் டிரைவின் ஒத்திசைவை (sync) மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். ஹார்ட் டிஸ்கைச் சென்னையில் சித்தி வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை நகலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.