தரம் 6: நமது மாகாணம்

பிள்ளைகளே, கொப்பியைத் திறவுங்கள். இன்று கிழக்கு மாகாணம். மூன்று மாவட்டங்களையும் கீறி, தலைநகர் திருகோணமலைக்கு ஒரு புள்ளி வையுங்கள். சனத்துக்கு என்ன நிறம் தீட்டுவது என்று கேட்காதீர்கள். மேலிடம் நிறம் எதுவும் அனுப்பவில்லை.

தரைத்தோற்றம்

நம் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1620இல் டேனிஷ்காரர் வந்தார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். வந்தவர்கள் எல்லோரும் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தவர்கள். கோட்டை இன்றும் இராணுவத்திடம்தான் இருக்கிறது. கோணேசரைக் கும்பிட அதன் வாசலால்தான் போகவேண்டும். யாரையும் கேளாமல் அங்கே உலாவக்கூடியவை மான்கள் மட்டுமே. பசித்தால் அவையும் டவுனுக்கு வந்து பொலித்தீன் தின்னும்.

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. ஆறு மேலிருந்து வருகிறது. ஆளுநரும் மேலிருந்துதான் வருகிறார். ஆறு வண்டலாவது விட்டுச் செல்லும்.

வளம்

ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 மிஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி, இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனிக்கு 14, நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரின் கூட்டுக் கம்பனிக்கு 61. கூட்டிப் பாருங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. அரசாங்கத்துக்குக் கணக்குத் தெரியாது என்று இனிச் சொல்லாதீர்கள்.

நிர்வாகம்

மாகாண சபைக்கு உங்கள் அம்மா அப்பா கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பரில். நீங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு சபையின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்குப் போனது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. பந்தி வைத்தவரே இலையை மூடிவிட்டு எழுந்துபோன கதை. அறிக்கை தோற்றால் மீளாய்வுக் குழு ஒன்று இரண்டு மாதத்தில் தன் அறிக்கையைத் தரவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

சபைதான் இல்லை, செயலணிக்குக் குறைவில்லை. 2020இல் கிழக்கின் தொல்பொருளைக் காக்க ஜனாதிபதி ஒன்றை அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த குழுவில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கல்லைப் பற்றிப் பேசக் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் எதற்கு?

போக்குவரத்து

கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணி. புதுப் பாலம் வரும் என்றார்கள். வரும்வரை சனம் பாதையில் கடந்தது. நம் பக்கத்தில் ஆளேற்றும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். 2021 நவம்பர் 23 காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் விழித்தார்கள். பாதைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று தேடினார்கள். பிள்ளைகளை அதில் ஏறவைத்தது யார் என்று தேடவில்லை. மாகாண சபை இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். ஆனால் சட்டையைப் பிடித்துக் கேட்க, நாம் வாக்குப் போட்ட ஒருவராவது இருந்திருப்பார். ஆளுநரின் சட்டை நம் கைக்கு எட்டாது.

பயிற்சி

1. 99 குதங்களை மூன்று பங்காகப் பிரிக்க.

2. இரண்டு மாதத்துக்கு எத்தனை ஆண்டுகள்?

3. குறிஞ்சாக்கேணியில் தண்ணீரின் ஆழம் என்ன? நானூறு ஆண்டாக இங்கே குண்டு விட்டு ஆழம் பார்த்தவர் எவரும் அந்த இடத்தில் பார்க்கவில்லை. ஆகவே விடையை நானே தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட.